கை வைக்காமல் எழும்புதல்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு கொமியூனிற்றி சென்ரரின் கீழ்த்தளத்தில் ஒரே மாதிரியான இரண்டு கதவுகள் இருக்கின்றன. இடப்பக்கக் கதவுக்குள் தமிழ் முதியோர் கழகம். அங்கே கிழமைக்கு ஒரு நாள் உடற்பயிற்சி நடக்கிறது என்று கதவில் ஒட்டியிருக்கும். நடப்பது என்னவென்றால், எல்லாரும் வட்டமாக இருந்து கையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். அடுத்த தரம் தூக்கும்போது அந்தக் கையில் ஒரு மட்டன் ரோல் இருக்கும். வலப்பக்கக் கதவுக்குள் ஆபிரிக்கப் பெண்களுக்கான உடல்நல வகுப்பு. அன்ரனெற்றை அவளுடைய மகன் டெனிஸ்டன் பதிந்துவிட்டது இடப்பக்கத்துக்கு. அவள் திறந்தது வலப்பக்கத்தை.

உள்ளே மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. சுவரோரம் வரிசையாகக் கதிரைகள். கதிரைகளில் பெண்கள். அவர்கள் கட்டியிருந்த தலைத்துணிகளின் நிறங்களைப் பார்த்த எவரும் வெளியே பெப்ரவரி மாதம் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். நடுவில் ஒருத்தி நின்றாள். சேலைக் கடை ஒன்றின் முன் கண்ணாடியைத் தனியொருத்தியாக நிரப்பக்கூடிய உருவம். அவள் ஆடிக்கொண்டே ஒரு வெறுங் கதிரையைக் காட்டினாள். அன்ரனெற் போய் இருந்தாள்.

பிழையான அறை என்பது அவளுக்கு உடனேயே விளங்கிவிட்டது. எழும்பிப் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. இருந்துவிட்டாள்.

புருசன் செல்வரட்ணம் செத்துப்போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மீன் வாங்கப் போன மனுசன் மீன்கடை வரிசையிலேயே சரிந்துவிட்டார். செய்தி வந்தது, அன்ரனெற் அடுப்பை நிறுத்தினாள், கோட்டைப் போட்டாள், போனாள். சவப்பெட்டி தெரிவுசெய்தாள், பூ தெரிவுசெய்தாள், பாதரோடு பாட்டுகளைப் பற்றிக் கதைத்தாள். அழவில்லை. அவள் அழுவாள் என்று கண் துடைக்க ரிஷூப் பெட்டிகளோடு வந்த சனம், பெட்டிகளை உடைக்காமலே திரும்பக் கொண்டுபோனது. ஒரு வருடத்துக்கு ஒரு குடும்பமும் ரிஷூ வாங்கியிராது. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் ஏதோ இருக்கிறது என்று தெரியும், கிள்ளினால் தெரியாது. அவளுக்கு உள்ளே முழுவதும் அப்படி இருந்தது.

முன்னால் வைத்ததைச் சாப்பிட்டாள். வைப்பதற்கு ஆட்கள் குறைவில்லை. உடம்பு ஏறியது, ஏற்கெனவே தேய்ந்திருந்த வலது முழங்கால் அதைத் தாங்கமாட்டேன் என்றது. எலும்பு டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, முழங்காலைப் புதிதாகப் போட்டுத் தரலாம், ஆனால் அதற்கு முன் பாரம் கொஞ்சம் குறையவேண்டும், தொடை பலப்படவேண்டும், செப்ரெம்பரில் பார்ப்போம் என்றார்.

“செப்ரெம்பரிலயும் ஏலாதெண்டால், அம்மா, எங்களோட ஒஷாவாவுக்கு வாங்கோ,” என்றான் டெனிஸ்டன். “உந்த அப்பார்ட்மென்ற்றை விப்பம். எலிவேற்றர் பழுதானால் நீங்கள் என்னெண்டு எட்டாம் மாடி ஏறுவியள்? பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு.”

அந்தப் பேஸ்மென்ற்றை அவளுக்குத் தெரியும். யன்னல் இருந்தது. அதனூடாகப் பார்த்தால் தெருவில் போவோரின் கணுக்கால்கள் தெரியும். பனிக்காலத்தில் அதுவும் இல்லை. கட்டில் போடக்கூடிய ஒரே மூலைக்குப் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கும் மெஷின். அது சுழலத் தொடங்கினால் ஒஷாவா முழுவதும் தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

“பாப்பம்,” என்றாள் அன்ரனெற். அந்த நாட்களில் அவள் எல்லாவற்றுக்கும் சொன்னது அதைத்தான். டெனிஸ்டன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டான்.

நடுவில் ஆடிய பெண்ணின் பெயர் அபேனா. கானாவிலே குமாசி ஊர். முதியோர் இல்லம் ஒன்றில் நேர்ஸ் வேலை. ஓய்வு நாளில் இந்த வகுப்பு. அவள் கதைத்தது ஆங்கிலம்தான், ஆனால் அன்ரனெற்றின் காதுக்குள் இறங்கும்போது அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அன்ரனெற்றின் ஆங்கிலமும் அபேனாவின் காதில் குமாசி பாஷையாகத்தான் விழுந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் இவ்வளவு விளங்கியிருக்காது.

“சிஸ்டர், நீ எந்த நாடு?”

“சிறீலங்கா.”

“அது ஆபிரிக்காவில எந்தப் பக்கம்?” என்றாள் அபேனா. கண் மட்டும் சிரித்தது.

“உந்தப் பக்கம் இல்லை.”

“கடலால வந்தால் கிட்டத்தான்,” என்றாள் அடுத்த கதிரையில் இருந்த ஹோதான். சோமாலியாக்காரி, எல்லாருக்கும் இளையவள், எல்லாரிலும் வாயாடி. “எங்கட கரையில வள்ளத்தைத் தள்ளிவிட்டால், முதல் முட்டுற வீடு அன்ரியின்ரதான்.”

“அப்ப இரு,” என்றாள் அபேனா. “பதிவு முடிஞ்சுது.”

சுவரில் சென்ரர்காரர் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி இலை நிரம்பிய கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வகுப்பும் அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவதோடுதான் தொடங்கும்.

“பாவம், அந்தப் பிள்ளைக்குப் பசிக்குது,” என்பாள் அபேனா. “பாத்தால் தெரியேல்லையே? இஞ்ச ஒருத்தரும் உவளைப்போல வர வேண்டாம். வரவும் ஏலாது, எங்கட எலும்பே உவளிலும் பாரம். எங்களுக்கு வேண்டியது, எங்களைத் தூக்கித் திரியிற காலுக்குப் பலம். கதிரையில இருங்கோ. கையை நெஞ்சில கட்டுங்கோ. கை வைக்காமல் எழும்புங்கோ.”

எல்லாரும் எழும்பினார்கள். அன்ரனெற் எழும்பவில்லை. அவளும் கதிரையும் ஒருவரை ஒருவர் விடுவதாயில்லை.

“பரவாயில்லை,” என்றாள் அபேனா. “எழும்ப நினைச்சியோ?”

“ஓம்.”

“இண்டைக்கு அது காணும்.”

பயிற்சி முடிந்தால் சாப்பாட்டுக் கதை. தங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வேறு ஆரோ தின்னும் இலையைத் தின்னச் சொல்லுகிறவர்களை நம்பக்கூடாது என்பது அபேனாவின் சட்டம். முதலில் கீரையும் சூப்பும், பிறகு மீன், கடைசியாகத்தான் மா. “பூஃபூ மா உருண்டை உங்கட பொத்தின கை அளவு. தலையளவு இல்லை. ஆரின்ர தலை எண்டும் கேக்கக் கூடாது.” ஹோதானின் தேத்தண்ணியில் சீனிக் கரண்டி விழாமல் நட்டமாக நின்றது என்று ஒரு பெரிய விசாரணை நடந்து, ஹோதான் பாதிச் சீனியைக் கைவிட்டு உயிர் பிழைத்தாள். அன்ரனெற்றின் முறை வந்தது.

“எங்களுக்குப் புட்டு,” என்றாள். அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் குழலில் அடைத்து அவிப்பது என்று விளங்கப்படுத்தி, குழலின் நீளத்தைக் கையால் காட்டினாள்.

அபேனா அந்த இரண்டு கைக்கும் நடுவிலிருந்த தூரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சிஸ்டர், அது சாப்பாடில்லை. தூண். வீடு கட்டுறதுக்கு வைச்சுக்கொண்டு, உதில ஒரு துண்டு சாப்பிடு.”

அறை முழுவதும் சிரித்தது. அன்ரனெற்றின் வாயும் அவர்களோடு சேர்ந்து அசைந்தது. சிரிப்பாக இருந்திருக்கலாம்.

அவள் வலப்பக்கக் கதவுக்கே போய்க்கொண்டிருந்தாள். விருப்பம் என்று சொல்ல முடியாது. பஸ் அங்கே நின்றது, அவள் இறங்கினாள், கதவு திறந்தது. சொன்னதைச் செய்தாள். கீரை முதலில் என்றால் கீரை முதலில். மோலுக்குள் நட என்றால் நடந்தாள். நகைக் கடையில் தொடங்கி நகைக் கடையில் முடிப்பாள், உள்ளே ஒருதரமும் பார்க்கவில்லை. பனி கரைந்தது, மரங்கள் துளிர்த்தன, ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கையை நெஞ்சில் கட்டியபடி கதிரையிலிருந்து எழும்பினாள். அறையில் எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து அறை முதியோர் கழகத்தில் ஒருவருடைய ரோல் தொண்டையில் இறங்க மறுத்து, முதுகில் தட்டவேண்டி வந்தது. ஹோதான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அன்ரனெற் ஹோதானின் தோளுக்கு மேலால் மணிக்கூட்டைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

கோடையில் அவளுடைய சட்டைகள் அவளிடமிருந்து விலகின. நீலச் சட்டைக்குள் இருந்த வெற்றிடத்தை வாடகைக்கு விட்டால் ரொறன்ரோவில் ஒரு குடும்பம் அன்றைக்கே குடிவந்திருக்கும். அந்தச் சட்டையோடு அவள் ஞாயிறு கோயிலுக்குப் போனதுதான் வினையாயிற்று.

பூசை முடிந்து வாசலில் கரோலின் பிடித்துக்கொண்டாள். பாடகர் குழுவின் தலைவி. பங்கில் ஒருவருக்குத் தடிமன் பிடித்தாலும் அது மூக்கால் வடிய முன்னரே கரோலினுக்குத் தெரிந்துவிடும்.

“அக்கா, என்ன கோலம் இது? அரைவாசியாப் போனியள்.”

“எக்சர்சைஸ் செய்யிறன்.”

“ஆர்?”

“நான்.”

கரோலின் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். தாலியைக் கழற்றி வைத்த, முழங்கால் தேய்ந்த, அறுபது தாண்டிய ஒரு மனுசி எக்சர்சைஸ் செய்கிறாளாம். கரோலினின் கண் நிறைந்தது.

“ரத்தத்தில சீனி கூடிப்போச்சோ, அக்கா?”

“இல்லை. முந்தியிலும் குறைவு.”

“அப்ப…” கரோலின் அன்ரனெற்றின் கையை இரண்டு கையாலும் பொத்தினாள். “சரி அக்கா. நீங்கள் சொல்ல வேண்டாம். நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன்.”

அவள் திறக்கவில்லை. எல்லாருடைய வாயையும் திறந்துவைத்தாள், அவ்வளவுதான். கார் தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டபோது அது வயிற்றில் சின்னக் கட்டி. மார்க்கம் வீதியைக் கடக்கையில் புற்றுநோய். யூனியன்வில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது நெஞ்சுக்குப் பரவி, டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள். அந்த டொக்டரோடு கதைத்த ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று சொல்ல ஒரு ஆளும் அங்கே கிடைத்தார்.

அடுத்த நாள் சாப்பாடு வரத் தொடங்கியது. நண்டுக் குழம்பு. இடியப்பமும் சொதியும். ஆட்டுக்கால் சூப், நோயாளிக்கு நல்லதாம். ஒடியல் கூழ், அதுவும் நல்லதாம். ஆளுயரப் புட்டு. ஒரு வீட்டார், எது நல்லதென்று தெரியாததால் எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவு மூட மறுத்தது, கதிரையை முட்டுக்கொடுத்தாள். கொண்டுவந்தவர்கள் முன்னால் இருந்து, “ஒரு வாய் சாப்பிடுங்கோ அக்கா, நாங்கள் பாக்க,” என்றார்கள். சாகப் போகிறவள் தங்கள் கையால் சாப்பிட்ட ஒரு வாயைப் பிறகு செத்த வீட்டில் சொல்லி அழவேண்டும் அல்லவா. அவர்கள் இப்போதே அழுதார்கள். தனக்காக ஊர் அழுவதை அன்ரனெற், கண்ணாடிக்கு அப்பால் பஸ் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை,” என்று இரண்டொரு தரம் சொன்னாள். சொல்லும்போதே அவர்கள் இன்னும் கூடுதலாக அழுதார்கள். விட்டுவிட்டாள்.

சாப்பாட்டைக்கூட எப்படியோ சமாளித்திருப்பாள். சட்டி கிண்ணங்களைச் சமாளிக்க முடியவில்லை. ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அன்ரனெற் பிறந்ததிலிருந்து கொடுத்ததில்லை. செல்வரட்ணத்தின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்த கையோடு, அழாத அந்தக் கண்ணோடு, வந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் ஏதோ வைத்துத்தான் அனுப்பினாள். ஆகவே இப்போது காலையில் எழும்பிச் சீனியரியதரம் சுட்டாள், ரோல்ஸ் பொரித்தாள், தொதல் கிண்டினாள். உப்புப் பார்க்கக் கொஞ்சம், சீனி பார்க்கக் கொஞ்சம், உடைந்ததை எறியக் கூடாதென்று கொஞ்சம் வாயில் போட்டாள். நிறைத்து அனுப்பிய பாத்திரம் நன்றியோடு மறுபடி நிறைந்து வந்தது. மோலில் நடக்க நேரமில்லை.

ஓகஸ்ட் நடுவில் அபேனா அளவு நாடாவை அவளுடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். வகுப்பில் தராசு கிடையாது; நாடாதான். சுற்றளவு கூடியிருந்தது. அபேனா நாடாவை அவிழ்த்து மறுபடி பிடித்தாள்.

“சிஸ்டர், வீட்டில என்ன நடக்குது?”

அன்ரனெற் சொன்னாள். தனக்குப் புற்றுநோய் என்று ஊர் சொல்வதையும், ஃபிரிட்ஜுக்குக் கதிரை வைத்ததையும், கிண்ணங்களையும், ஒஷாவா யன்னலில் தெரியும் கணுக்கால்களையும் அலட்டல் இல்லாமல், மளிகைச் சாமான் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

அபேனா பக்கத்தில் இருந்த கதிரையில் விழுந்து சிரித்தாள். கதிரை பிழைத்தது ஆண்டவர் செயல்.

“நான் மெலிஞ்ச வருசம் எங்கட சேர்ச்சில எனக்கு ஒரு முழு ஆடு வந்தது,” என்றாள். “எங்கட சனத்துக்கு உடம்பு வைச்சால்தான் சந்தோசம். குண்டாகி ஊருக்குப் போனால் ‘நல்லா வந்திட்டாய்’ எண்டு கும்பிடுவினம். மெலிஞ்சு போனால், புருசன் சாப்பாடு போடுறேல்லை, இல்லாட்டில் பெரிய வருத்தம். பாஸ்டர் எண்ணெய்ப் போத்தலோட வீட்டுக்கு வந்திட்டார்.”

“என்ர மாமி ஒட்டாவாவில இருந்து ஃபோன் எடுத்தவ,” என்றாள் ஹோதான். “என்னை எங்க புதைக்கிறதெண்டு கேட்டு.”

“நீ என்ன செய்தனி?” என்று அன்ரனெற் அபேனாவைக் கேட்டாள்.

“சொல்லிப் பாத்தன். நம்பேல்லை. வாயால சொன்னதை ஆரும் நம்பமாட்டினம். காணிக்கை போட எங்கட சேர்ச்சில ஆடிக்கொண்டுதான் போறது. ஒரு ஞாயிறு நான் திரும்பத் திரும்பப் போய்ப் போட்டன். ஒவ்வொரு தரமும் குனிஞ்சு நிமிந்து ஆடினன். கடைசியா, சாகிற ஆள் உப்பிடி ஆடாது எண்டு விட்டிட்டினம்.”

“எங்கட கோயிலில ஆடேலாது.”

“அப்ப ஒஷாவாவில கணுக்காலைப் பார்த்துக்கொண்டு இரு,” என்றாள் அபேனா. சொன்னது கடுமையாக இருந்தது. நாடாவைச் சுருட்டிய கை மெதுவாக இருந்தது.

செய்தி ஒஷாவாவைச் சென்றடைய இவ்வளவு நாள் எடுத்ததுதான் அதிசயம். டெனிஸ்டன் வேலைச் சட்டையோடு வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“எனக்கேன் சொல்லேல்லை? உலகம் முழுக்கத் தெரியும், எனக்குத் தெரியாது.”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையடா.”

“அம்மா, இட்ஸ் ஓகே. அப்பா போனதுக்கும் நீங்கள் அழேல்லை. உள்ளுக்கு வைச்சிருந்தால் இப்பிடித்தான் வரும்.” அவன் ஃபிரிட்ஜுக்கு முட்டுக்கொடுத்திருந்த கதிரையைப் பார்த்தான். “இனிச் செப்ரெம்பரைப் பாக்கேலாது. நான் கட்டில் ஓடர் பண்ணியிட்டன்.”

“பாப்பம்,” என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

அந்த ஞாயிறு கரோலின் நோயாளருக்கான பூசை ஒன்றை ஒழுங்குசெய்திருந்தாள். நோயாளர் என்று பன்மையில் சொன்னாலும் எல்லாருக்கும் தெரியும், அது அன்ரனெற்றுக்கு. கோயில் வாசலில் ஒரு வீல்செயர் நின்றது. எங்கேயோ இரவல் வாங்கி, வெள்ளைத் துணி விரித்து, பின்னால் ஒரு பூங்கொத்தும் கட்டியிருந்தாள்.

“இருங்கோ அக்கா.”

“நடப்பன்.”

“தெரியும் அக்கா. இருங்கோ.”

சண்டை பிடிக்க ஒரு காரணம் வேண்டும். அன்ரனெற் இருந்தாள். கரோலின் தள்ளினாள். நடுப்பாதையின் இரண்டு பக்கமும் விம்மல் எழுந்தது. போன வருடம் உடைக்காமல் கொண்டுபோன ரிஷூப் பெட்டிகள் இன்றைக்கு ஒவ்வொன்றாக உடைந்தன. வீல்செயரிலிருந்து பார்க்கையில் ஒருவருடைய முகமும் தெரியவில்லை. கண்மட்டத்தில் இடுப்புப் பட்டிகளும் கைப்பைகளும் சேலை முந்தானைகளும் போய்க்கொண்டிருந்தன. மனிதர்கள் இடுப்போடு முடிந்திருந்தார்கள். பீடத்தின் முன் கரோலின் பிரேக் போட்டாள். முன் வாங்கிலிருந்து டெனிஸ்டன் குனிந்து அவள் காதோடு சொன்னான்:

“அம்மா, கட்டில் வந்திட்டுது. நாளைக்கே சாமானை ஏத்துவம்.”

இப்போது இடுப்பு. நாளைக்குக் கணுக்கால்.

அவளுக்கு அது வேண்டாமாக இருந்தது. ஒரு விஷயம் தனக்கு வேண்டாம் என்பது எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று அவளுக்கே நினைவில்லை. சின்னதாகத்தான் இருந்தது. ஊசி விட்டுப்போகத் தொடங்கும்போது கன்னத்தில் முதலாவதாக ஓர் எறும்பு ஊருமே, அந்த அளவு.

அன்ரனெற் கையை நெஞ்சில் கட்டினாள். செபிக்கிறாள் என்று பார்த்தவர்கள் தலையைக் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு இருந்தாள். மறுபடி எழும்பினாள். இருந்தாள். எழும்பினாள். அபேனாவின் மேளம் எந்தத் தாளத்தில் அடிக்குமோ அந்தத் தாளத்தில், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வகுப்பில் செய்யும் அளவு முடியும்வரை செய்தாள். விம்மல் நின்றது. பாட்டு அரைவாசியில் நின்றது. ஓகன் வாசித்த பொடியன் பதற்றத்தில் கிறிஸ்மஸ் பாட்டைத் தொடங்கிவிட்டான்.

“ஆண்டவர் செய்த புதுமை,” என்று ஒரு குரல் சொன்னது.

அது போதுமாயிருந்தது. கரோலின் முழந்தாளில் விழுந்தாள். பின்வரிசை முன்வரிசை மேல் ஏறியது. யாரோ ஒருவர் வீடியோ எடுத்தார், யாரோ ஒருவர் அவருடைய ஃபோனைத் தொட்டுக் கும்பிட்டார். பாதர் மட்டும் பெருவிரலில் நோயாளருக்குப் பூசும் எண்ணெயோடு அசையாமல் நின்று, அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“முடிஞ்சுதோ, அம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஓம், பாதர்.”

“உண்மையில என்ன வருத்தம்?”

“முழங்கால்.”

“இது முழங்காலுக்கும் ஆகும்,” என்று நெற்றியில் பூசினார்.

முழங்கால் நொந்தது. பேய் நோவு. கோயில் முழுவதும் அவளைச் சுற்றி அழுதுகொண்டிருக்க, அவள் அந்த நோவைக் கவனித்துக்கொண்டு நின்றாள்.

காரில் டெனிஸ்டன் திறப்பைப் பூட்டில் போட்டான், திருப்பவில்லை.

“நீங்கள் கை வைக்காமல் எழும்பினீங்கள்.”

“ஓம்.”

“எனக்கே ஏலாது, அம்மா.”

“இருந்து பழகினால் ஏலும்.”

“உண்மையா எக்சர்சைஸ்தானோ?”

“நீதானே பதிஞ்சனி. நான் அடுத்த அறைக்குப் போட்டன்.” அவள் சீற் பெல்ற்றைப் போட்டுக்கொண்டாள். “டெனிஸ்டன், நான் ஒஷாவாவுக்கு வரேல்லை.”

அவன் திரும்பிப் பார்த்தான். பாப்பம் என்று சொல்லவில்லை என்பதை அவனும் கவனித்திருக்கவேண்டும்.

“கட்டில் வாங்கியிட்டன்.”

“நீ படு.”

அன்றைக்குப் பின்னேரமே யூனியன்வில்லில் சொன்ன கதையில் அவள் நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் நின்றாள். அடுத்த நாள் அது இரண்டு அடியாயிற்று. சாகப் போகிறவளுக்குத்தான் சாப்பாடு, பிழைத்தவளுக்கு இல்லை. கிண்ணங்கள் வருவது நின்றது. இருந்தவற்றைக் கழுவி மேசையில் அடுக்கினாள். பொரிக்கவும் கிண்டவும் மாவை எடுத்தவள், பார்த்தாள், மாவைத் திரும்ப வைத்துவிட்டு மோலுக்கு நடக்கப் போனாள்.

செப்ரெம்பரில் எலும்பு டொக்டர் அவளைக் கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார். எழும்பினாள். குறைந்த பாரத்தைப் பார்த்தார். ஓகஸ்ட்டில் ஏறியது போக மிச்சம் போதும் என்றார். குளிர்காலத்துக்கு முன் ஒப்பறேசனுக்கு நாள் தருவதாகச் சொல்லி, மகிழ்ச்சியா என்று கேட்டார். அன்ரனெற் யோசித்தாள்.

“நோகுது,” என்றாள். “முந்தித் தெரியேல்லை.”

டொக்டர் அதை முழங்கால் என்று எழுதிக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

அடுத்த செவ்வாய் வலப்பக்கக் கதவுக்கு வெளியே ஒரே தமிழ்ச் சனம். புதுமை நடந்த மனுசி எங்கே போய்வருகிறாள் என்பது வெளியே தெரிந்துவிட்டது. இடப்பக்க அறையில் ரோல்ஸ் தட்டு தனியே ஆறிக்கொண்டிருந்தது. முன்னுக்கு நின்றவள் கரோலின். கழுத்தில் செபமாலை, காலில் புத்தம்புதிய ஓட்டச் சப்பாத்து. அபேனா கதவில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள்.

“இவையும் கடலால வந்தால் கிட்டவோ?”

“கிட்டத்தான்,” என்றாள் அன்ரனெற்.

“இது ஆபிரிக்கப் பெண்களின்ர வகுப்பு. என்ர ஆக்கள் முதலில கதிரையில இருக்கட்டும். மிச்சம் இருந்தால் இவையள். கதிரை காணாட்டில் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும், அதுவும் காலுக்கு நல்லது.” உள்ளே போய்ப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

கரோலினுக்கு அன்ரனெற்றின் பக்கத்துக் கதிரை கிடைத்தது. அன்ரனெற் பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். நீல மூடி போட்ட கிண்ணம். சாப்பாடு வரத் தொடங்கிய அன்றைக்கு கரோலின் நண்டுக் குழம்பு கொண்டுவந்தது அதில்தான். கரோலின் வாங்கினாள். பாரம் குறைவாக இருந்ததால் ஒருதரம் குலுக்கிப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அப்படியொன்றை அவள் தன் சீவியத்தில் கண்டதில்லை. அன்ரனெற்றின் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், அடியில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று விரலால்கூடத் தடவிப் பார்த்தாள்.

“அக்கா, இதுக்குள்ள…”

“கழுவிப்போட்டன்,” என்றாள் அன்ரனெற்.

மேளம் தொடங்கியது. கரோலின் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, எழும்புவதற்காகக் கதிரையின் விளிம்பைப் பிடித்தாள்.

“கை வைக்கக் கூடாது,” என்றாள் அன்ரனெற். கிண்ணத்தை அவள் மடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு, தன் கைகளை நெஞ்சில் கட்டினாள்.